விநயத்தில் சபைமுறையைக் கண்ட சட்ட அறிஞர்: காசிப் பிரசாத் ஜயஸ்வால்

ஒரே நூலைப் பலர் பயில்வர். ஒவ்வொருவரும் தத்தம் நோக்கிற்கு ஏற்பவே அதனின்று பயன் கொள்வர். விநயபிடகத்தைப் பிக்குகள் தங்கள் ஒழுக்கத்திற்கு உரிய நூலாக ஓதினர். மொழிநூலார் பாலிச் சொற்களின் வரலாற்றை அறிய அதனை நாடினர். அயல்நாட்டு அறிஞராகிய ரைஸ் டேவிட்ஸும் ஓல்டன்பர்க்கும் 1881 முதல் 1885 வரையிலான ஆண்டுகளில் அதன் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது, அது சமயநூல் என்ற முறையிலேயே உலகின் கவனத்தைப் பெற்றது. அம்மொழிபெயர்ப்பு வெளிவரத் தொடங்கிய அதே ஆண்டில் பிறந்த இந்தியர் ஒருவர், பிற்காலத்தில் அந்நூலைக் கையில் எடுத்தபோது, பிறர் எவரும் ஊன்றிக் கவனியாத ஒன்றை அதில் கண்டார். ஒரு சபை எவ்வாறு கூடவேண்டும், எவ்வாறு பேசவேண்டும், எவ்வாறு முடிவு செய்யவேண்டும் என்பதற்கு அமைந்த சட்டமே அது. அவ்வாறு கண்டவர் வரலாற்றறிஞரும் சட்ட வல்லுநருமாகிய காசிப் பிரசாத் ஜயஸ்வால்.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கரின் எழுத்துக்களையும் பேச்சுக்களையும் பயில்கின்ற நாம், அவற்றிற்குப் பின்புலமாக நின்ற ஆராய்ச்சிகளையும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஆதலின் இப்பாடத்தில் ஜயஸ்வாலின் வாழ்வையும் பணியையும் சுருக்கமாகக் காண்போம். அவர் கூற்றுக்களுள் எவை உறுதியாக நிற்கின்றன, எவை நில்லா என்பதையும் பகுத்து ஆராய்வோம்.

வாழ்க்கை

ஜயஸ்வால் 1881ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பிறந்தார். கங்கைக் கரையிலுள்ள மிர்சாப்பூரில் அரக்கு வாணிகம் செய்த குடும்பம் அவருடையது. இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற அவர், அங்குச் சீனமொழிப் பயிற்சிக்கென வழங்கப்படும் டேவிஸ் உதவித்தொகையையும் பெற்றார். பாரிஸ்டர் பட்டமும் பெற்று நாடு திரும்பிக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக அமர்த்த விரும்பியபோது, 1913ஆம் ஆண்டில் அந்நாளைய அரசாங்கம் அரசியல் காரணம் காட்டி அதற்கு இசைவு தர மறுத்தது. ஆசிரியப் பணியின் கதவு அடைபட்டதாயினும் ஆராய்ச்சியின் கதவை எந்த அரசாங்கத்தாலும் அடைக்க இயலவில்லை.

1916ஆம் ஆண்டில் பாட்னாவில் உயர்நீதிமன்றம் நிறுவப்பட்டது. ஜயஸ்வால் அந்நகரிலேயே வாழ்ந்து, இந்துச் சட்டத்திலும் வருமான வரிச் சட்டத்திலும் தேர்ந்த வழக்கறிஞர் எனப் பெயர் பெற்றார். 1915ஆம் ஆண்டில் தோன்றிய பீகார்-ஒரிசா ஆராய்ச்சிக் கழகத்தின் வளர்ச்சிக்கு உழைத்ததோடு, அதன் ஆராய்ச்சி இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். கல்வெட்டு, நாணயம், பழஞ்சுவடி, தரும சாத்திரம் ஆகிய பல துறைகளிலும் அவர் எழுதினார். 1933ஆம் ஆண்டு பரோடாவில் நடந்த ஏழாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் பாட்னாவில் காலமானார். அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று பாட்னாவில் அமைந்துள்ளது. 1981ஆம் ஆண்டில் அவருடைய நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது.

நீதிமன்றத்தில் வாதாடிப் பொருளீட்டிய ஒருவர் இத்துணை ஆராய்ச்சியும் செய்தார் என்பதோடு இதனை நாம் நிறுத்திவிடலாகாது. அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றதே அவ்வழக்கறிஞர் தொழில்தான். அது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

சங்கத்தின் சபைமுறை

கீழ்நாட்டார்க்குக் கொடுங்கோன்மை ஒன்றே தெரியும். தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் பழக்கம் அவர்க்கு இல்லை என்பது ஆங்கில ஆட்சிக் காலத்தில் பலரும் கூறிவந்த கருத்து. இதனை மறுக்கும் வகையில் ஜயஸ்வால் 1913ஆம் ஆண்டில் 'மாடர்ன் ரெவ்யூ' இதழில் எழுதிய கட்டுரைகள் வளர்ந்து, 1924ஆம் ஆண்டில் 'இந்து பாலிட்டி' என்னும் பெருநூலாக வெளிவந்தன. பழைய இந்தியாவில் அரசனின்றிக் குலத்தார் கூடி ஆண்ட கணராச்சியங்கள் பல இருந்தன என்பதை இந்நூலின் முதற்பகுதி சான்றுகளுடன் எடுத்துரைக்கிறது. அக்கணராச்சியங்களின் சபைகளில் நடைமுறை எவ்வாறு இருந்தது என்பதை அறிய ஜயஸ்வால் நாடிய நூல் பௌத்த விநயமே.

விநயத்தின் மகாவக்கமும் சுல்லவக்கமும் கூறும் முறையை நாமும் சிறிது காண்போம்.

சங்கத்தின் முன் ஒரு காரியத்தை வைக்க விரும்பும் பிக்கு முதலில் அதனைப் பிரேரணையாக அறிவித்தல் வேண்டும். இதற்கு ஞத்தி என்பது பெயர். பின்னர் அதனைத் தீர்மானமாகச் சொல்லி, உடன்படுவோர் வாளா இருக்கவும், உடன்படாதோர் வாய்திறந்து பேசவும் கேட்டல் வேண்டும். இதற்குக் கம்மவாசா என்பது பெயர். சிறு காரியங்களுக்கு ஒரு ஞத்தியும் ஒரு கம்மவாசாவும் போதும். உபசம்பதை போன்ற பெருங்காரியங்களுக்கு ஒரு ஞத்தியும், அதனை அடுத்து மும்முறை கம்மவாசாவும் வேண்டும். ஞத்தியின்றிச் செய்த காரியம் செல்லாது. இக்காலச் சட்டசபைகளில் ஒரு மசோதாவை மூன்று முறை படிக்கும் வழக்கத்தை அறிந்த வழக்கறிஞர் ஒருவருக்கு இம்முறை எதனை நினைவூட்டியிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

ஒவ்வொரு காரியத்திற்கும் குறைந்த அளவாக இத்தனை பேர் இருத்தல் வேண்டும் என்ற வரையறையும் உண்டு. நால்வர் கூடினால் சில காரியங்களைச் செய்யலாம். மத்திய தேசத்தில் உபசம்பதை அளிக்கப் பதின்மர் வேண்டும். எல்லைப்புற நாடுகளில் ஐவர் போதும். பெருங்குற்றம் செய்து ஒதுக்கி வைக்கப்பட்ட பிக்குவை மீண்டும் சேர்த்துக்கொள்ள இருபதின்மர் வேண்டும். குறைந்த தொகையினர் கூடிச் செய்த முடிவு செல்லாது. நோயுற்றுச் சபைக்கு வர இயலாதவர் தம் இசைவைப் பிறர் வாயிலாக அனுப்பலாம்; அதற்குச் சந்தம் என்பது பெயர். அவ்விசைவைப் பெறாமல் சபை கூடினால் அது முழுச்சபை ஆகாது.

கருத்து வேறுபாடு தீராதபோது பெரும்பான்மை கொண்டு முடிவு செய்யும் முறைக்கு யேபுய்யசிகா என்பது பெயர். இதற்கு வாக்குச் சீட்டாகப் பயன்பட்டவை சலாகைகள், அஃதாவது சிறு குச்சிகள். இரு கருத்துக்களுக்கும் வேறுபட்ட நிறமுடைய சலாகைகளை ஆயத்தம் செய்து, ஒவ்வொரு பிக்குவிடமும் கொடுத்து வாங்குவதற்குச் சலாககாஹாபகர் என்னும் அலுவலரைச் சங்கமே நியமித்தது. மறைவாகவும், காதோடு காதாகவும், வெளிப்படையாகவும் வாக்கு அளிக்கும் மூன்று வழிகள் இருந்தன. சலாககாஹாபகருக்கு வேண்டிய தகுதிகள் ஐந்து: விருப்பால் சாயாமை, வெறுப்பால் சாயாமை, மயக்கத்தால் சாயாமை, அச்சத்தால் சாயாமை, கொள்ளப்பட்ட வாக்கு எது கொள்ளப்படாதது எது என அறிந்திருத்தல். தேர்தல் அலுவலர் ஒருவருக்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை எவர் வகுத்தல் கூடும்?

பெருஞ்சபையில் கூச்சல் மிகுந்து முடிவு காணமுடியாதபோது, சிலரைத் தேர்ந்தெடுத்து வழக்கை அவரிடம் ஒப்படைக்கும் உப்பாஹிகா என்னும் முறையும் இருந்தது. வைசாலியில் கூடிய இரண்டாம் சங்கீதியில் பத்து விவகாரங்களைப் பற்றிப் பூசல் எழுந்தது. பேச்சு முடிவின்றி நீளவே, கீழ்த்திசைப் பிக்குகள் நால்வரும் மேற்றிசைப் பிக்குகள் நால்வரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ரேவதரும் சப்பகாமியும் அவ்வெண்மரில் இடம்பெற்றோர். துறவு பூண்டு பத்தாண்டே ஆகியிருந்த அஜிதர் என்னும் பிக்கு அவர்களுக்கு ஆசனங்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பில் நியமிக்கப்பட்டார். இருக்கை ஒழுங்கிற்குக்கூட ஓர் அலுவலர்!

முறைப்படி முடிந்த ஒரு விவகாரத்தை மீண்டும் கிளறுதல் பாசித்திய குற்றம் என்று பாதிமோக்கம் கூறுகிறது. இசைவு தந்துவிட்டுப் பின்னர்க் குறை கூறுதலும், முடிவு நடக்கும்போது இசைவு தராமல் எழுந்துபோதலும் அவ்வாறே குற்றங்களாம். ஒருமுறை தீர்க்கப்பட்ட வழக்கை மீண்டும் தொடரலாகாது என்னும் சட்டவிதியை நாள்தோறும் நீதிமன்றத்தில் கையாண்ட ஜயஸ்வால், அவ்விதியே இங்கு வேறு பெயரில் நிற்பதை இனங்கண்டார். அவருடைய தொழில் அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றது என்று நாம் மேலே கூறியது இதனாலேயே.

இம்முறை எங்கிருந்து வந்தது?

இவ்வளவு திருத்தமான முறை ஒரு துறவியர் கூட்டத்தில் ஒரே நாளில் தோன்றியிராது என்பது ஜயஸ்வாலின் கருத்து. ஞத்தி முதலிய சொற்களை விளக்கமின்றியே விநயம் ஆளுகிறது. ஆகவே அவை கேட்போர்க்கு முன்னரே பழக்கமான சொற்களாக இருந்திருத்தல் வேண்டும். பகவான் புத்தர் சாக்கியரின் கணராச்சியத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆதலின் அரசியல் சங்கங்களின் முறையையே பிக்கு சங்கத்திற்கும் வகுத்தளித்தார் என்று அவர் முடிவு செய்தார்.

இதற்கு அவர் காட்டும் வலிய சான்று மகாபரிநிப்பாண சுத்தம். மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜியர்மீது படையெடுக்க எண்ணி, அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவானிடம் அனுப்புகிறான். பகவான் ஆனந்தரை நோக்கி, வஜ்ஜியர் அடிக்கடி சபை கூடுகின்றனரா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகின்றனரா, முதியோரை மதிக்கின்றனரா, பெண்டிரை வலிந்து கவராதிருக்கின்றனரா என்றின்னோரன்ன ஏழு செய்திகளைக் கேட்கிறார்; இவை உள்ளவரை வஜ்ஜியர்க்கு வளர்ச்சியே அன்றித் தளர்ச்சி இல்லை என்கிறார். அமைச்சன் சென்றபின் பிக்குகளைக் கூட்டி, சங்கம் தளராதிருத்தற்கும் அவ்வாறே ஏழு நெறிகளை வகுத்துரைக்கிறார். அரசியற் சங்கத்திற்கும் அறச் சங்கத்திற்கும் உள்ள உறவு இதனால் நன்கு விளங்கும்.

ஏற்கத்தக்கனவும் ஐயுறத்தக்கனவும்

ஒருவர் கூற்றை, அவர் பெரியார் என்பதற்காகவோ அது நமக்கு இனிக்கிறது என்பதற்காகவோ ஏற்றல் பௌத்தர்க்கு அழகன்று. காலாமர்க்குப் பகவான் அருளிய உபதேசம் அதுவே. ஆகவே ஜயஸ்வாலையும் நாம் அவ்வுரைகல்லில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

விநயத்தில் உள்ள சபைமுறை ஐயத்திற்கு இடமின்றி அந்நூலில் உள்ளது. அதனைப் படிக்கும் எவரும் காணலாம். கணராச்சியங்கள் இருந்தன என்பதும் உறுதி. ஆனால் அக்கணராச்சியங்களின் சபைகளில் இதே ஞத்தியும் இதே சலாகையும் வழங்கின என்பது பொருத்தமான ஊகமேயன்றி நேர்ச்சான்றால் நிறுவப்பட்டதன்று. மேலும் அந்நூலின் இரண்டாம் பகுதியில், முடியாட்சி நாடுகளிலும் பௌரம், ஜானபதம் என இரு பிரதிநிதி சபைகள் அரசனைக் கட்டுப்படுத்தின என்று ஜயஸ்வால் எழுதினார். நரேந்திரநாத் லா, ஆல்டேகர் முதலிய அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. நகரத்தார், நாட்டார் என்னும் பொருளுடைய சொற்களை அவர் சட்டமன்றங்களாகக் கொண்டுவிட்டார் என்பது அவர்களுடைய மறுப்பு. அயலார் ஆட்சியின் கீழ் நாட்டின் மானத்தைக் காக்க எழுதிய பேனா, சிலவிடத்துச் சான்று செல்லும் எல்லையைக் கடந்து சென்றது என்றே நாம் கொள்ளல் வேண்டும்.

இதனினும் நமக்கு முதன்மையான வினா ஒன்று உண்டு. அக்கணராச்சியங்களின் சபா மண்டபத்தில் அமர்ந்தோர் யாவர்? சாக்கியரின் மண்டபத்தில் சாக்கியக் குல க்ஷத்திரியரே அமர்ந்தனர். லிச்சவியரின் மண்டபத்தில் லிச்சவிக் குலத்தாரே அமர்ந்தனர். அவர்களுடைய வயல்களில் உழைத்த அடிமைகளும் கூலியாட்களும் அங்கு நுழைந்திலர். சாக்கியர்க்கும் கோலியர்க்கும் ரோகிணி ஆற்று நீரைப் பற்றி எழுந்த பூசல், வயலில் நின்ற உழைப்பாளரிடையே தொடங்கியது என்று ஜாதகக் கதை கூறும். ஆனால் போர் வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை அவ்வுழைப்பாளர்க்கு இல்லை. முறை நன்று, ஆனால் வாயில் குறுகியது.

பகவான் அம்முறையை எடுத்தாண்டார். வாயிலையோ அகலத் திறந்தார். சாக்கிய இளவரசர் அறுவர் துறவு பூண வந்தபோது அவருடன் நாவிதராகிய உபாலியும் வந்தார். தங்கள் குலச்செருக்கு அடங்குமாறு உபாலிக்கே முதலில் துறவு அளிக்கவேண்டும் என்று அவ்விளவரசரே வேண்டினர். பகவானும் அவ்வாறே செய்தார். அதனால் இளவரசர் உபாலிக்கு இளையராகி, அவரை வணங்கி எழுந்தனர். கபிலவஸ்துவின் மண்டபத்தில் இருக்கை பெற்றிராத அந்த உபாலியே, இராஜகிருகத்தில் கூடிய முதற் சங்கீதியில் விநயம் முழுவதையும் எடுத்தோதியவர். ஜயஸ்வால் பாராட்டிய அச்சட்டநூலுக்கு முதற் சான்றாளர் ஒரு நாவிதர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆறுகள் கடலில் கலந்ததும் தத்தம் பெயரை இழப்பதுபோல நால்வகை வருணத்தாரும் சங்கத்தில் தம் குலப்பெயரை இழப்பர் என்று பகவான் உரைத்ததன் பொருளும் இதுவே.

சங்கத்திலும் எல்லைகள் இருந்தன. அடிமைகளும் கடனாளிகளும் அந்நிலையிலிருந்து விடுபடும்வரை உபசம்பதை பெற இயலவில்லை. பிக்குணிகள்மீது பிக்குகளுக்கு இல்லாத கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இவற்றை நாம் மறைத்தல் கூடாது. ஆயினும் பிறப்பு ஒன்றைக் காட்டி எவரையும் சபைக்குப் புறத்தே நிறுத்தலாகாது என்ற கொள்கை அங்கு நிலைநாட்டப்பட்டது. சங்கம் கணராச்சியத்தின் படி மட்டுமே என்று கொண்டால் இப்பெரிய வேறுபாடு நம் கண்ணுக்குப் புலப்படாது போகும்.

மனுவைப் பற்றிய ஆராய்ச்சி

1917ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை ஜயஸ்வால் நிகழ்த்தினார். அவை 1930ஆம் ஆண்டில் 'மனுவும் யாக்ஞவல்கியரும்' என்னும் பொருளுடைய தலைப்பில் நூலாயின. தரும சாத்திரங்கள் தொன்றுதொட்டு மாறாது வரும் தெய்வவாக்கு என்ற நம்பிக்கைக்கு மாறாக, அவை குறித்த காலத்தில் குறித்த அரசியல் சூழலில் இயற்றப்பட்ட சட்டநூல்கள் என்று அவர் ஆராய்ந்தார். மௌரியப் பேரரசை வீழ்த்தி ஏறக்குறைய கி.மு. 185இல் ஆட்சியைக் கைப்பற்றிய புஷ்யமித்திர சுங்கன் பிராமணப் படைத்தலைவன். பிராமணனுக்குப் படைத்தலைமையும் ஆட்சியும் உரியன என மனுநூல் கூறுவதைச் சுட்டி, அந்நூல் சுங்கர் காலத்தில் பௌத்தத்திற்கு எதிராக எழுந்த மாற்றத்தின் விளைவு என்று அவர் துணிந்தார்.

டாக்டர் அம்பேத்கர் தாம் முற்றுவிக்காது விட்ட எழுத்துக்களில், பிராமணியத்தின் வெற்றியைப் பற்றி ஆராயுமிடத்து, ஜயஸ்வாலின் இந்நூலை மேற்கோளாக எடுத்தாள்கிறார். அவ்வெழுத்துக்கள் 1987ஆம் ஆண்டில் அவருடைய நூற்றொகுதியில் அச்சேறின. மனுநூலின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. கி.மு. 200க்கும் கி.பி. 200க்கும் இடைப்பட்டது எனப் பியூலரும் காணேயும் கருதினர். 2005ஆம் ஆண்டில் அந்நூலின் திருந்திய பதிப்பை வெளியிட்ட பாட்ரிக் ஒலிவெல் அதனைக் கி.பி. இரண்டு அல்லது மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்கிறார். ஆண்டு மாறலாம், ஆயினும் ஒரு சட்டநூலைக் கண்டால், அது யாரால், எக்காலத்தில், யாருடைய நலனுக்காக இயற்றப்பட்டது என்று வினவுதல் வேண்டும் என்ற முறை மாறாது. தீண்டாமையைத் தெய்வத்தின் கட்டளை எனக் கேட்டு வந்த மக்களுக்கு அவ்வினாவே விடுதலையின் முதற்படி.

சுவடிகளும் கல்வெட்டும்

பௌத்த இலக்கியத்திற்கு ஜயஸ்வால் செய்த மற்றொரு தொண்டையும் இங்குக் குறித்தல் வேண்டும். அதில் நம் தென்னாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துத் தருவை என்னும் ஊரினராகிய மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் 'ஆரிய மஞ்சுஸ்ரீ மூலகல்பம்' என்னும் மகாயான நூலின் சுவடியைக் கண்டெடுத்தார். திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அதனை 1920 முதல் 1925 வரை மூன்று பாகங்களாகப் பதிப்பித்தார். அந்நூலில் அரசர் வரலாறு கூறும் ஏறக்குறைய ஆயிரம் சுலோகங்களை ஜயஸ்வால் ஆராய்ந்து 1934ஆம் ஆண்டில் வரலாற்று நூலாக வெளியிட்டார். அதற்குரிய மூலபாடத்தைத் திபேத்திய மொழிபெயர்ப்புடன் ஒப்பிட்டுத் திருத்தித் தந்தவர் ராகுல சாங்கிருத்தியாயனர். தெற்கே கிடைத்த சுவடியும் வடக்கே திபேத்தில் காக்கப்பட்ட பாடமும் பாட்னாவில் ஒன்றுசேர்ந்தன.

ராகுலர் திபேத்துச் சென்று பழம் பௌத்த நூல்களைத் தேடிக் கொணர்ந்த அரும்பணிக்கு ஜயஸ்வால் உற்ற நண்பராய் நின்று ஊக்கமளித்தார். தருமகீர்த்தியின் 'வாதநியாயம்' முதலிய நூல்கள் பீகார்-ஒரிசா ஆராய்ச்சிக் கழக இதழின் வாயிலாக மீண்டும் உலகிற்குக் கிடைத்தன.

புவனேசுவரத்தை அடுத்த உதயகிரிக் குன்றில் காரவேலன் பொறித்த ஹாத்திகும்பாக் கல்வெட்டையும் அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். பதினேழு வரிகளும் மழையாலும் காற்றாலும் தேய்ந்திருந்தன. 1917ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட வாசிப்பை அவரே அடுத்தடுத்துத் திருத்தி, இராக்கலதாஸ் பானர்ஜியுடன் சேர்ந்து 'எபிகிராபியா இண்டிகா'வின் இருபதாம் தொகுதியில் மீண்டும் வெளியிட்டார். தமிழ் அரசர் கூட்டணியைக் குறிப்பதாகக் கருதப்படும் தொடர் அக்கல்வெட்டிலேயே உள்ளது. அக்கூட்டணியின் வயதை 113 ஆண்டு என்பாரும் 1300 ஆண்டு என்பாரும் உளர். தாம் முன்பு எழுதியதைத் தாமே திருத்த அஞ்சாமை ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாத குணம். அது அவரிடம் இருந்தது.

அம்பேத்கர் எடுத்துக்கொண்டதும் சேர்த்ததும்

1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய முடிவுரையை நாம் அனைவரும் அறிவோம். இந்தியாவுக்குச் சனநாயகம் புதிதன்று; பிக்கு சங்கங்கள் பாராளுமன்றங்களாகவே இயங்கின; இருக்கை ஒழுங்கு, பிரேரணை, தீர்மானம், குறைந்த அளவு உறுப்பினர், வாக்கு எண்ணுதல், மறைமுக வாக்கு, முடிந்த வழக்கை மீளக் கிளறாமை ஆகிய அனைத்தும் சங்கத்திற்குத் தெரிந்திருந்தன; அம்முறைகளை அந்நாளைய அரசியற் சபைகளிலிருந்தே புத்தர் எடுத்திருத்தல் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் பேசினார். பெயர் குறிப்பிடப்படவில்லை எனினும், ஜயஸ்வாலின் நூலைப் படித்தவர்க்கு அதன் எதிரொலி இப்பகுதியில் நன்கு கேட்கும்.

ஆனால் அம்பேத்கர் அவ்விடத்தில் பெருமை பேசி அமர்ந்துவிடவில்லை. இந்தியா ஒருமுறை இச்சனநாயகத்தை இழந்தது. இரண்டாம் முறையும் இழக்குமோ என்று வினவினார். வாக்குரிமையில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து நீடித்தல் இயலாது என எச்சரித்தார். ஜயஸ்வால் சபையின் முறையைக் காட்டினார். அம்பேத்கர் சபையின் வாயிலைப் பற்றிக் கேட்டார்.

1957ஆம் ஆண்டில், அவர் மறைவிற்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் இச்சிந்தனை இன்னும் ஒரு படி செல்கிறது. சித்தார்த்தர் சாக்கிய சங்கத்தின் உறுப்பினராகிறார். ரோகிணி நீருக்காகக் கோலியர்மீது போர் தொடுக்கவேண்டும் என்ற தீர்மானம் சங்கத்தின் முன் வருகிறது. சித்தார்த்தர் எதிர்த்துப் பேசி மாற்றுத் தீர்மானம் கொணர்கிறார், வாக்கெடுப்பில் தோற்கிறார். முறை சிறிதும் வழுவவில்லை. எனினும் பெரும்பான்மை அறத்தின் பக்கம் நிற்கவில்லை. அதனால் நேர்ந்த நிலையிலேயே அவர் இல்லம் துறக்கிறார் என்று அந்நூல் அமைகிறது. விநயமும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தேயிருந்தது. அறமல்லாததைப் பேசுவோர் பெரும்பான்மையாக இருக்கக் கண்டால், மறைவாக எடுத்த வாக்கைத் தள்ளிவிடுமாறு சலாககாஹாபகருக்கு அது கூறுகிறது. இக்கால மக்களாட்சிக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. ஒரு தனி அலுவலர் கையில் அத்தகைய அதிகாரத்தைத் தருவது ஆபத்து. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே நியாயமாகிவிடாது என்ற உணர்வு அதில் அடங்கியுள்ளது. இந்நாளில் சிறுபான்மையோரின் அடிப்படை உரிமைகளை அரசியலமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்திருப்பதும் அவ்வுணர்வினாலேயே.

நமக்குரிய பாடம்

ஜயஸ்வால் பௌத்தப் பிரசாரகராக எழுதியவரல்லர். தேசியப் பற்றினால் எழுதியவர். அவருடைய முடிவுகளிற் சில கழிந்துபோயின. சில இன்றும் நிற்கின்றன. விநயத்தைச் சட்டநூலாகப் படிக்கலாம் என்று காட்டியது நிற்கும். தரும சாத்திரத்தைக் காலத்தோடு பொருத்திப் படிக்கவேண்டும் என்று காட்டியதும் நிற்கும். நம் முன்னோரைப் பற்றிய பெருமையை நாம் நாடுவது இயல்பே. நூற்றாண்டுகளாக இழிவு சுமத்தப்பட்டோர்க்கு அவ்வேட்கை மிகுதியாகவே இருக்கும். ஆனால் சான்றில்லாத பெருமையை மற்றொருவர் ஒரே மறுப்பால் பறித்துக்கொள்வார். சான்றுள்ள பெருமையை எவராலும் பறித்தல் இயலாது. உபாலியின் வரலாறு போன்ற ஒன்றே நமக்குப் போதும்.

மற்றொன்று, நாம் கூட்டங்களிலும் சங்கங்களிலும் கூடுகின்றோம். அங்கு ஞத்தியின்றிக் காரியம் நடைபெறுகிறதா? வர இயலாதவரின் இசைவு கேட்கப்படுகிறதா? உடன்படாதவர் அச்சமின்றிப் பேச இடமுண்டா? வாக்கு எண்ணுபவர் விருப்பு வெறுப்பு மயக்கம் அச்சம் நான்கினின்றும் நீங்கியவரா? முடிந்த காரியத்தை வெளியே சென்று கிளறுகின்றோமா? மகளிர்க்கும் இளையோர்க்கும் ஆசனம் உண்டா? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை கூறும் அளவிற்கே விநயம் நம்மிடையே உயிரோடு இருக்கிறது எனலாம்.

பயிற்சி வினாக்கள்

1. ஞத்தி, கம்மவாசா, சந்தம், சலாகை, உப்பாஹிகா ஆகியவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. கணராச்சியச் சபைக்கும் பிக்கு சங்கத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது? வேற்றுமை யாது? உபாலியின் வரலாற்றைக் கொண்டு விடை தருக.

3. ஜயஸ்வாலின் கூற்றுக்களுள் நேர்ச்சான்று உடையன எவை? ஊகமாக நிற்பன எவை?

4. பெரும்பான்மையின் முடிவு அறத்திற்கு மாறாக அமையும்போது சபையின் உறுப்பினர் செய்யத்தக்கது யாது? சித்தார்த்தர் செய்ததை நினைவிற்கொண்டு உங்கள் குழுவினருடன் கலந்து ஆராய்க.